மாரிக்கு நீ தெரிவு செய்த பாதைகள்

மச்சான்,

மாரிகாலத்தின் முதல் பெருமழை நேற்றுப் பின்னேரம் பெய்தது. இன்று காலை கதவைத் திறந்ததும் ஊரோரத்து உப்புநீர்க் களப்புப் பக்கமிருந்து அந்த நாற்றம் வந்தது. ஈரம் பட்ட கறுப்புச் சேற்றின் நாற்றம். உப்பும் அழுகிய முட்டையும் கலந்தது. வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம். உன் நினைவு அதற்குப் பின்னால்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. நம்மோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓடுகிற வங்கிக்காரர். "மழை தொடங்கிட்டுது. இந்த மாரிக்கு எந்தெந்தப் பாதையில ஓடலாம் எண்டு ஒரு பட்டியல் எழுதித் தாங்களன். அவர் இருந்தா அவரிட்டக் கேட்டிருப்பம்," என்றார். பிறகு, "வார ஞாயிறு ஓட்டம் இல்லத்தானே, எல்லாரும் கலியாணத்துக்குப் போறம்," என்றார். கலியாணம் உன் மகளுடையது. அந்தக் கலியாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. "ஓம், ஓம், போகத்தானே வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வளைத்துப் பேசுகிற பொறுமை என்னிடம் இல்லை, நேராகவே எழுதுகிறேன். உனக்கு நெஞ்சில் வருத்தம், இருதய நோய், இருந்தது. அதை நீ எனக்குச் சொல்லவில்லை. போன மாரியில் ஒரு ஞாயிறு காலை பாலாவிச் சந்தியில் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு உன்னைத் தனியே விட்டுப் போனேன். அன்றைக்கே நீ மௌத்தாகிவிட்டாய். உன் வருத்தத்தைத் தெரிந்துகொண்டே நான் உன்னைக் கைவிட்டேன் என்று உன் மனைவி நம்புகிறாள். அது அப்படியில்லை என்று ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் எனக்கு அழைப்பு வரும், நீ அவளிடம் பொய்யனாவாய். சொல்வதா விடுவதா என்று இன்று காலையிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். நீ மண்ணுக்குள்ளே நிம்மதியாகப் படுத்திருக்கிறாய்.

நாம் சொந்தக்காரர்கள் இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த கூட்டாளிகள். நீ குழாய்க் கிணறு அடிக்கப் போனாய், நான் குளிரூட்டி திருத்தப் போனேன். கற்பிட்டியில் காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக நடந்த ஒரு ஹோட்டல் பூட்டுப்பட்டபோது, நான் அங்கே குளிரூட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன், நீ உன் மோட்டாரைக் கிணற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாய். பின்பக்கத்துக் கொட்டிலில் இரண்டு மவுண்டன் பைக்குகள் துருப்பிடித்துக் கிடந்தன. நீதான் அவர்களிடம் கேட்டாய். ஆளுக்கொன்றாக லொறியில் போட்டுக்கொண்டு வந்தோம்.

நாற்பதைக் கடந்த இரண்டு பேர் தடித்த டயரும் ஹெல்மெட்டுமாகப் பாலாவிச் சந்தியைக் கடந்த முதல் நாள் தேநீர்க் கடையே சிரித்தது. "ஹாஜியார், நம்மட ஊருல மலை எங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். நீ பிரேக்கைப் பிடித்து நின்று, "மலை இல்லாட்டி என்ன, சேறு இருக்குதே," என்றாய். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே அந்த வாரம் முழுக்கச் சிரித்தோம்.

மற்ற ஊர்களில் மழை வந்தால் சைக்கிளை உள்ளே வைப்பார்கள், நம்முடைய ஊரில் மழை வந்தால்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று நீ வாதாடினாய். அது சரிதான். காற்றுக் காலத்தில் கற்பிட்டிப் பக்கத்து மணல் பாதைகளில் சக்கரம் புதையும், தொடை வெந்து போகும். மழை நனைத்த பிறகு அதே மணல் இறுகி, தார் வீதிபோல ஓடும். ஆனால் களி அப்படியில்லை, செம்மண் அப்படியில்லை. எது மழையில் இறுகும், எது மழையில் இளகும், எது எத்தனை நாளில் வடியும் என்று நீ ஒவ்வொரு பாதையாகப் பிரித்தாய். கிணறு அடிக்கிறவன் அல்லவா, நிலத்துக்குள் இருபது அடிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதே உனக்கு மனப்பாடம்.

எந்தப் பாதையானாலும் தொடக்கத்தில் இறங்கி, குதிக்காலை மண்ணில் ஊன்றி ஒரு திருகு திருகுவாய். குழியில் தண்ணீர் ஊறினால் ஓட்டமில்லை. குழியின் ஓரம் வழுக்கிக்கொண்டு பளபளத்தாலும் ஓட்டமில்லை. ஓரம் உதிர்ந்தால் ஏறிவிடுவாய். உப்பள வரம்புகளில் மட்டும் மாரி முழுக்க ஓட விடமாட்டாய். "நம்மட டயர் வெட்டின தடத்தால தண்ணி உடைச்சிக்கொண்டு போயிடும். ஒரு ஆளுட வேலைய நாம மிதிக்க ஏலா," என்பாய். நம் தடம் மறுநாளும் அழியாமல் கிடந்தால் அது நமக்குரிய பாதையில்லை என்பது உன் சட்டம்.

முதல் மாரியில் அந்தச் சட்டங்கள் ஒன்றும் இல்லை, விழுந்து எழும்பித்தான் கற்றோம். இரண்டு நாள் வெயில் எறித்துவிட்டது என்று களப்போரமாக இறங்கினோமே, ஞாபகமிருக்கிறதா? மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, காய்ந்த சிமெந்துத் தரைபோலக் கிடந்தது. நூறு யார் போவதற்குள் மேற்தோல் உடைந்தது. கறுப்புக் களி டயரில் சுற்றி, சக்கரக் கவட்டுக்குள் அடைத்து, சக்கரம் இரண்டும் சுழல மறுத்தன. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்தோம். நீ முழங்கால் வரை புதைந்துகொண்டு, "வெள்ளையா இருக்கிறதை எல்லாம் நம்பப்படாது மச்சான்," என்று சிரித்தாய். வீட்டுக்குப் போன பிறகு மூன்று நாள் அந்த நாற்றம் என் கால் நகத்திலிருந்து போகவில்லை.

அடுத்த வருடம் வேறொரு பிழை. இங்கே வானம் கழுவி விட்ட மாதிரி நீலமாக இருந்தது, நாலு நாளாக ஒரு துளி இல்லை. மீ ஓயா ஆற்றுக் கரைப் பாதை காய்ந்திருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். போனால் பாதையின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் பக்கத்தில் பெய்த மழை மெல்ல மெல்ல இறங்கி வந்திருந்தது. கரையோரத்து ஆட்கள் நாம் நம் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத்தான் பார்ப்போம். அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் மேல் பக்கத்து ஆனமடுவில் கிணறு அடித்துக் கொடுத்த வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்தில் அவர்களுடைய மழையை விசாரித்த பிறகுதான் பாதையைச் சொல்வாய். அவர்கள் உன்னை என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? மண்ணைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்த வாய் உன்னுடையது. ஒரு பிடி செம்மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வண்ணாத்திவில்லுக்கும் இந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரைநாள் விளக்குவாய். அந்த வாயால் "எனக்கு நெஞ்சு சரியில்லை" என்று மூன்று சொல் சொல்ல முடியாமல் போனது. சேறு எத்தனை நாளில் காயும் என்று எனக்குச் சொன்னவனே, உன்னுடைய இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று ஏன்டா சொல்லவில்லை?

போன மாரி தொடங்கியபோது உன் பாதைகள் மாறின. வண்ணாத்திவில்லுச் செம்மண் வேண்டாம் என்றாய். ஏற்ற இறக்கம் உள்ளது எதுவும் வேண்டாம் என்றாய். கற்பிட்டி வீதியிலிருந்து திரும்பும் தென்னந்தோட்டப் பாதைகளும் கடலோர ஈர மணலும் மட்டும்தான். புதிதாக இரண்டு சட்டமும் போட்டாய்: தொலைபேசி சிக்னல் இருக்க வேண்டும், ஆட்டோ வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். "மாரியில ஒருத்தன் வழுக்கி விழுந்தா எப்பிடிக் கொண்டு போற? அதையும் பாத்துத்தான் பாதை எடுக்கணும்," என்றாய். காரணம் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் நான் ஏமாந்தேன். நீ சொன்ன ஒவ்வொரு காரணமும் மண்ணுக்கும் பொருந்தியது, மழைக்கும் பொருந்தியது. உன் நெஞ்சுக்கும் பொருந்தியது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் நீ அனுப்பும் குரல் பதிவுகள் என் தொலைபேசியில் இன்னும் இருக்கின்றன. "இப்ப தோட்டத்துப் பாதையில நிக்கிறன்... மண்ணு நல்லா இறுகியிருக்கு... ஓலை விழுந்து கிடக்கு, பாத்து வரணும்..." இடையிடையே ஒரு நிறுத்தம். நீ குனிந்து மண்ணைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிழமை காதில் வைத்துத் திரும்பக் கேட்டேன். நீ மூச்சு வாங்குகிறாய். தட்டையான பாதையில் நடந்து போனவனுக்கு அப்படி மூச்சு வாங்குகிறது. அது எனக்கு அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்காத என்னை ஏசவா, மறைத்த உன்னை ஏசவா?

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. அந்த இடத்துக்கு வர எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு முந்திய வருடம் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர், சத்திர சிகிச்சை செய்து தேறியவர், நம்மோடு ஓட வரலாமா என்று கேட்டார். அவர் போன பிறகு நான் சொன்னேன்: "நோயாளிகளை வச்சிக்கொண்டு மாரியில ஓட ஏலாது மச்சான். அவருக்கு ஒண்டு நடந்தா நாம அள்ளிக்கொண்டு ஓடுறதா?" நீ சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். சரி, நான் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அந்த மனிதருக்குச் சொன்னது. உனக்கு அதே சட்டத்தை நான் போட்டிருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? உன்னை முதுகில் சுமந்துகொண்டு களப்பைச் சுற்றியிருப்பேனடா. அந்தளவுக்குத்தானா நீ என்னை மதித்து வைத்திருந்தாய்?

பிறகு அந்த ஞாயிறு. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுச் சந்தியில் நான்கு பேர் நின்றோம்; நாம் இருவர், வங்கிக்காரர், அவருடைய மைத்துனர். மழை விட்டு இரண்டு நாள். மேல் பக்கத்திலும் மழை இல்லை என்று நீதான் விசாரித்திருந்தாய். செம்மண்ணுக்கு அதைவிட நல்ல நாள் மாரியில் வராது. வடிந்தும் வடியாமலும், டயர் கடித்துக்கொண்டு போகிற பதம். வண்ணாத்திவில்லுக்குப் போவோம் என்றேன். நீ கற்பிட்டி வீதிப் பக்கம் கையைக் காட்டினாய்.

"இண்டைக்கும் தோட்டத்துக்கே போவம்," என்றாய்.

"நாலு கிழமையா அதே தோட்டம். தென்னை மரமெல்லாம் எனக்கு ஸலாம் சொல்லுது," என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"செம்மண்ணு வழுக்கும்."

"வழுக்காது. ஒனக்கே தெரியும் வழுக்காது எண்டு. வா, போய்க் குதிக்கால் வச்சிப் பாப்பம்."

நீ பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டாய். உன்னுடைய சட்டத்தின்படியே அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. அந்த ஊமை நிலை எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "மண்ணுக்குப் பயமில்ல மச்சான் ஒனக்கு. நீ பயந்தாங்கொள்ளியாப் போயிட்ட. வயசு போயிட்டுது எண்டு சொல்லிட்டு வீட்ட இரு," என்றேன். தேநீர்க் கடைக்கே கேட்கும்படி சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னைத் தனியாக அந்தப் பக்கம் கூப்பிட்டு, காதுக்குள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "சரி, நீங்க போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாய். ஹெல்மெட்டின் பட்டியை இறுக்கிக்கொண்டு கற்பிட்டி வீதியில் திரும்பினாய். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

செம்மண் அன்றைக்கு அருமையாக ஓடியது. அதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. சந்தோசமாக ஓடினேன். நீ இழந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, உனக்குக் காட்ட இரண்டு படமும் எடுத்தேன்.

தேங்காய் உரிக்க வந்த ஒருவர்தான் உன்னைக் கண்டிருக்கிறார். தோட்டத்துப் பாதையோரம் சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒரு தென்னையில் சாய்ந்து இருந்தாயாம். அவர் ஆட்டோவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆட்டோ உடனே வந்தது. சேற்றில் புதையாமல், வழுக்காமல், நீ இருந்த இடத்துக்கே வந்து நின்றதாம். பாதையை நீ பிழையில்லாமல்தான் தெரிந்தெடுத்திருந்தாய். சிக்னலும் இருந்தது, ஆட்டோ வரும் வழியும் இருந்தது. நேரத்துக்கு அதைக் கூப்பிட ஒரு ஆள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வைத்தியசாலைக்கு நான் செம்மண் உடுப்போடு ஓடி வந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. உன் மனைவியின் சகோதரர் கையில் ஒரு கிளினிக் கொப்பி இருந்தது. அதன் மேல் உன் பெயர். அவர் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனபோது திறந்து பார்த்தேன். முதல் பக்கத்துத் திகதி, போன மாரி தொடங்குவதற்கு முன்னால். கொழும்புக்குப் போய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கொப்பியை மூடி வைத்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு உன் உடலைச் சுமந்த சந்தூக்கை நானும் தூக்கினேன். மண் போடும்போது எல்லாரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. உன்னைக் குழியிலிருந்து எழுப்பி இரண்டு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது.

உன் மனைவி, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் யாரும் போய்ப் பார்க்க முடியாது, கதைக்க முடியாது. என் மனைவி கிழமைக்கு ஒருதரம் சாப்பாடு செய்து கொண்டு போவாள். "அவ என்ன சொன்னா?" என்று கேட்பேன். "ஒண்டும் கதைக்கல்ல. ஒங்கட பேரை எடுத்தா முகத்தைத் திருப்பிக்கொள்றா," என்பாள். அந்த நாலு மாதமும் நான் உன் மனைவி மீதும் கோபத்தை வளர்த்தேன். அவளாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? என் இலக்கம் அவளிடம் இருந்தது. புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இத்தா முடியட்டும், நேரே போய்க் கேட்கிறேன் என்று வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

முடிந்த மறு வாரம் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் வீட்டு முன் அறையில், உன் கதிரைக்கு எதிரில் இருந்தேன். அதில் யாரும் இருக்கவில்லை. உன் மனைவி பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள். மெலிந்து போயிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அவள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல எப்போதும் என்னைக் கூப்பிடும் அந்த 'நானா'வோடு தொடங்கினாள்.

"நானா, ஒங்களிட்ட ஒரு கதை கேக்கத்தான் இத்தனை நாளாப் பொறுத்துக்கொண்டு இருந்தன்," என்றாள்.

"கேளுங்க தங்கச்சி."

"டொக்டர் சைக்கிள் ஓடலாம், ஆனா தனியப் போகப்படாது எண்டார். நான் வேணவே வேணாம் எண்டன். இவர்தான், 'அவனுக்கு எல்லாம் தெரியும், நான் எல்லாத்தையும் சொல்லிட்டன், பக்கத்தை விட்டு விலக மாட்டான்' எண்டார். ஒங்கட பேரைச் சொன்னதாலதான் நான் விட்டன். கிழமைக்குக் கிழமை ஒங்கட பேரைச் சொல்லித்தான் போனார்." உன் வெறும் கதிரையைப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சிக்கொண்டா நானா சந்தியில வச்சிப் பயந்தாங்கொள்ளி எண்டு சொன்னீங்க? தெரிஞ்சிக்கொண்டா தனிய விட்டுட்டுப் போனீங்க?"

நான் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அவளுக்குப் பொருந்தாமல் போயின. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

நான் சொல்லத்தான் இருந்தேன். அல்லாஹ் அறிய, "தங்கச்சி, எனக்கு" என்று தொடங்கியும் விட்டேன். அவள் அதைக் கேட்காமல் தன்பாட்டில் சொன்னாள்: "இருபத்தி ரெண்டு வருசம். என்னட்ட ஒரு பொய் சொல்லாத மனிசன் நானா அவர். இத்தாவில இருந்து அதைத்தான் நினைச்சி நினைச்சி மனசைத் தேத்திக்கொண்டன். அவர் யாரையும் ஏமாத்தல்ல. நம்பினார், அவ்வளவுதான்."

மச்சான், அந்த இடத்தில் நீ என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தினாய் என்று பார்த்தாயா? குதிக்காலை எங்கே ஊன்றினாலும் தண்ணீர். உண்மையைச் சொன்னால் நீ அவளுக்குச் சொன்ன பொய் வெளியே வரும். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "தெரியும். கோவத்துல விட்டுட்டுப் போயிட்டன்."

அவள் அழவில்லை. ஏசவுமில்லை. எழும்பி நான் தொடாத பிளேன்டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் அறையில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தோம். அவள் திரும்பி வரவில்லை. எழும்பி வந்துவிட்டோம்.

வரும் வழியில் என் மனைவி ஆட்டோவுக்குள் கேட்டாள்: "ஏன் அப்பிடிச் சொன்னீங்க? இனி அவ ஒங்கள மன்னிக்க மாட்டா."

"மன்னிக்காட்டிப் போகட்டும்."

"மௌத்தானவருக்காக உசிரோட இருக்கிற நீங்க கெட்ட பேரெடுக்கிறதா?"

நான் ஆட்டோக்காரருக்கு வழி சொன்னேன். அவளுக்கு இன்னும் உன் மேல் கோபம், என்னைவிடக் கோபம்.

அதிலிருந்து உன் மனைவி பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உன் மகள், நான் கைப்பிடித்து சைக்கிள் பழக்கிய பிள்ளை, என்னைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு நிற்காமல் போகிறாள். கலியாண அழைப்பு வங்கிக்காரருக்கு வந்தது, அவருடைய மைத்துனருக்கு வந்தது, தேநீர்க் கடைக்காரருக்குக்கூட வந்தது. அந்தப் பிள்ளையின் நிக்காஹ்வில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்க வேண்டியவன் நான். நீ இல்லாத இடத்தில் நிற்க வேண்டியவன். வேறு யாரோ நிற்பான்.

மத்தியானம் வங்கிக்காரருக்குப் பட்டியலை எழுதினேன். கடலோர ஈர மணல், மழை விட்ட மறுநாளே ஓடலாம் என்று எழுதினேன். தென்னந்தோட்டப் பாதைகள், ஓலையைப் பார்த்து ஓட வேண்டும். செம்மண், இரண்டு நாள் பொறுக்க வேண்டும், லொறி உழுத இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். களப்போரம் வெள்ளையாகத் தெரிந்தாலும் தை பிறக்கும் வரை வேண்டாம். உப்பள வரம்பு எப்போதும் வேண்டாம். மீ ஓயாப் பக்கம் போவதென்றால் ஆனமடுவைக் கேட்க வேண்டும். கடைசியில் உன்னுடைய இரண்டு சட்டத்தையும் எழுதினேன். அதற்குக் கீழே என்னுடைய ஒன்றையும் சேர்த்தேன்: ஓடத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் உடம்பு எப்படி என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாதவன் வரக் கூடாது. கொஞ்ச நேரத்தில் வங்கிக்காரர் சிரித்துக்கொண்டு தொலைபேசி எடுத்து, "இதென்ன, டொக்டர் மாதிரி?" என்று கேட்டார். "அப்பிடித்தான். விருப்பமில்லாட்டி வராதீங்க," என்றேன். அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. உப்பளத்து மனிதருக்கும் எடுத்தேன். வரலாம் என்றேன். "இப்ப ஏன் தம்பி?" என்று கேட்டார். சந்திக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுப் பக்கம் நடந்தேன். உண்மையாகவே சொல்லிவிட்டு வருவது என்றுதான் போனேன். முற்றத்தில் கலியாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மனைவி வாசலில் நின்று, மழை நீர் தேங்காமல் எங்கே கம்பு நட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் மண்ணு இளகும், இஞ்சால நடுங்க. அவர் சொல்லுவார்," என்று அவள் சொன்னது மதிலுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அவள் அப்போது சிரித்தாள். உன்னைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தாள். நான் மதிலோடு நின்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு நான் சொல்லப் போவதில்லை. நாளைக்குக் கேட்டாலும், பத்து வருடம் கழித்துக் கேட்டாலும், ஓம், தெரியும் என்றுதான் சொல்வேன். அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உனக்காகத்தான் சொல்கிறேன் என்றும் நினைக்காதே, அந்தப் பெண்ணின் முகத்துக்காகச் சொல்கிறேன். ஊருக்கும் அதையே சொல்லப் போகிறேன். உண்மையைச் சொல்ல இனி எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. அதையாவது நீ ஒருதரம் காது கொடுத்துக் கேள்.

எனக்குத் தெரியாது மச்சான். நீ எனக்குச் சொல்லவே இல்லை.